ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் போக

டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையைத் தவிர வேறு எதிலும் உட்கார மாட்டேன் என்று வேலாயுதம் அடம்பிடித்தார். ஆஸ்திரியாவில் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கிராமத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் காலை பஸ் அது. டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியதே அவருக்கு முதல் அதிர்ச்சி. அடுத்தது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் இல்ல மாப்ள" என்றேன்.

"தெரியுது மச்சான். நிறுத்தணும்னு தோணிச்சின்னா கால் தானா போவுது, நான் என்னா பண்ண?"

வேலாயுதம் என் தங்கை தனத்தின் கணவர். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதிக்கு மேல் சிதம்பரம் – கடலூர் ரூட்டிலேயே ஓட்டினார். அந்தச் சாலையில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். மலைப்பாதையில் அவர் ஒரு நாள்கூட வண்டி ஓட்டியதில்லை. அந்தக் குறையோ என்னவோ, முன்னால் இருந்த டிரைவர் கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றியபோது, "பொறுமையா, பொறுமையா" என்று தமிழில் அறிவுரை வேறு சொன்னார். நல்லவேளை, அந்த ஆளுக்குப் புரியவில்லை.

தனம் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர்களுடைய ஒரே மகள் சுமதி இங்கே கணவனோடும் நான்கு வயது மகள் நிலாவோடும் இருக்கிறாள். அப்பாவைக் கோடைக்குக் கூப்பிட்டவள், துணைக்கு என்னையும் சேர்த்துக் கூப்பிட்டாள். தாய்மாமன் என்ற மரியாதையால் மட்டுமல்ல, என்னிடம் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. வந்து இறங்கிய மறுநாளே சமையலறையில் என்னை மடக்கினாள்.

"மாமா, அப்பாவ இங்கயே இருந்துடச் சொல்லுங்க. போன மழைக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவத் தட்டுற வரைக்கும் அப்படியே கெடந்தாரு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பக்கத்து வீட்டு ஆயிஷாக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். திங்கக்கிழம ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்கணும். அவரு சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் கேட்டா எழுந்து போயிடறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்கு மனசே இல்லை. என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போய் மூன்று வருடமாகிறது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் தனி, சிதம்பரம் வீட்டில் வேலாயுதம் தனி. வாரத்தில் இரண்டு நாள் நான் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போவேன். கீழ வீதியில் டீ குடிப்போம், அரசியல் பேசிச் சண்டை போடுவோம், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்புவேன். எனக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணை அவர். அவரை இங்கே விட்டுவிட்டுப் போகும்படி என் வாயாலேயே பேச வேண்டுமாம்.

இதற்குள் பூ ஒரு பிரச்சினையாகியிருந்தது. வேலாயுதம் வண்டி ஓட்டிய காலத்தில் தனம் தினமும் விடியற்காலையில் பூக் கட்டி, வாழையிலையில் மடித்து, அவருடைய டிபன் டப்பாவோடு கொடுத்தனுப்புவாள். முதல் டிரிப்புக்கு முன்னால் அதை பஸ் கண்ணாடிக்கு மேலே இருக்கும் சாமி படத்துக்குப் போடுவார். பூ ஏறாமல் வண்டி நகராது. அவள் போன பிறகு இவரே ஒரு கேரிபேக்கை எடுத்துக்கொண்டு விடியலில் தெருத்தெருவாகப் பூப்பறிக்கப் போக ஆரம்பித்தார். இந்தப் பூ தனத்தின் படத்துக்கு. சிதம்பரத்தில் இதற்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. மதிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற பூவை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், மதிலுக்கு உள்ளே கை போகக்கூடாது. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் சைக்கிளில் போய் நந்தியாவட்டை பறிப்பார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்தச் சட்டத்தை நம்பி, இங்கே வந்த முதல் காலையில் எதிர்வீட்டு வேலிக்கு வெளியே தொங்கிய சிவப்புப் பூக்களைப் பறித்துவிட்டார். அது அந்த வீட்டம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டிச் செடி. சுமதி ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டு, கூடவே ஒரு டப்பா ரவா லட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கடையிலிருந்து பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்து வாங்கி வந்தாள். வேலாயுதம் முகர்ந்து பார்த்தார். "வாசனையே இல்லியே. இது ஒங்கம்மாவுக்குப் புடிக்காது" என்று சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். அலமாரியில் சாய்த்து வைத்திருந்த தனத்தின் சின்னப் படம் அதன் பிறகு வெறுமையாகவே இருந்தது. அவர் குறை சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு நகர்வார். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

நிலா மட்டும்தான் அவரைச் சிரிக்க வைத்தாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இருவரும் பஸ் விட்டார்கள். தாத்தா டிரைவர், அவள் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போக வேண்டும். இதை அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு அவர் பட்டபாடு! அவள் பாத்ரூமிலிருந்துகூட விசில் அடித்தாள். தனம் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அந்த நாற்காலி பஸ்ஸில்தான் பார்த்தேன்.

ஆறாம் நாள்தான் இந்த மலை. நிலாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். வழியில் எப்படியாவது பேச்சை எடுக்கும்படி சுமதி எனக்குக் கண்ஜாடை காட்டினாள். அலமாரியில் தனத்தின் படத்தைக் காணோம். தூசி தட்ட எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி கேபிள் காரில் ஏறினோம். கண்ணாடிப் பெட்டி ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகிறது. டிரைவர் இல்லாத வண்டி என்பதை வேலாயுதத்தால் ஏற்கவே முடியவில்லை. மேலே போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் மலையைப் பார்க்காதவன் அல்ல. திருப்பாதிரிப்புலியூர்க்காரன் எவனைக் கேட்டாலும் எங்களுக்கும் மலை உண்டு என்பான். கேப்பர் மலை. செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக, டவுன் பஸ் இரண்டாவது கியரில் ஏறிவிடுகிற மலை. அதற்கு மலை என்று பெயர் வைத்தவர்களைப் பற்றி இங்கே மேலே வந்து நின்றதும் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம மலைல காத்து இத்தன குளிரா இருக்காது" என்றேன்.

மலையின் முதுகெலும்பு மேலேயே பாதை போகிறது. இரண்டு பக்கமும் சரிவு. இடது சரிவின் அடியில் ஒரு ஏரி, வலது பக்கம் தூரத்தில் இன்னும் பனி உருகாத சிகரங்கள். நடுவில் ஒருவர் பின் ஒருவராக நடக்கிற அகலத்தில் ஒற்றையடிப் பாதை. காலடியிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூ. ஆவாரம்பூ மஞ்சளில் ஒன்று, வெங்காயத்தாள் பூவைப் போல உருண்டையாக ஊதா நிறத்தில் ஒன்று, பாறை இடுக்குகளில் சின்னச் சின்ன ரோஜா நிறப் புதர்கள். புல்லோடு புல்லாக, விரல் நீளத் தண்டில், சங்குப்பூவைவிட ஆழமான நீலத்தில் ஒரு பூ. பெயரெல்லாம் சுமதி சொன்னாள், எனக்கு நினைவில் நிற்கவில்லை. ஒன்பது மாதம் பனிக்கு அடியில் கிடந்துவிட்டு இந்தச் சில வாரங்களில் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடுமாம். எங்கள் ஊரில் செடிகளுக்கு வெயிலோடு போராட்டம், இங்கே குளிரோடு. எங்கே இருந்தாலும் பிழைப்பு பிழைப்புதான்.

வேலாயுதத்தின் நடை மட்டும் மெதுவானது.

திடீரென்று ஒரு விசில். நீட்டி, கூர்மையாக, ஒரே ஒரு தடவை. வேலாயுதம் சட்டென்று நின்றார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன்.

"யாரு மச்சான் எறங்கணும்?" என்றார் திரும்பிப் பார்த்து.

சுமதி சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். விசில் அடித்தது மர்மோட் என்ற பிராணி. கீரி நிறம், கொழுத்த முயல் அளவு. வளைக்கு வெளியே இரண்டு காலில் நின்று காவல் காக்கிறது. கழுகு வந்தால் இப்படி ஒரு விசில் கொடுக்குமாம், எல்லாம் வளைக்குள் ஓடிவிடுமாம். அண்ணாந்து பார்த்தேன். உண்மையிலேயே ஒரு பெரிய பறவை இறக்கையை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தது.

"நல்ல கண்டக்டர்" என்றார் வேலாயுதம். "கூட்டத்துல எந்த மூலைல இருந்தாலும் கேக்குற மாதிரி அடிக்குது."

மதியம் ஒரு பெரிய பாறை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறு, தொட்டுக்கொள்ள கத்திரிக்காய் கொத்சு. சிதம்பரத்துக் கொத்சு இந்த ஊர் கத்திரிக்காய்க்கு வருமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பூசணி அளவுக்கு ஒன்று, விதையே இல்லை. ஆனால் சுமதி தனத்தின் கைப்பக்குவத்தைக் கொண்டு வந்திருந்தாள். முதல் வாய் வைத்ததும் இன்னொரு கரண்டி கொத்சு கேட்டு வாங்கினேன். வேலாயுதம் சாப்பிடும் முன் ஒரு கைப்பிடி சோற்றை எடுத்துப் பாறைமேல் வைத்தார். எங்கிருந்தோ காக்கை மாதிரி கறுப்பாக, மஞ்சள் அலகோடு இரண்டு பறவைகள் வந்து கொத்திக்கொண்டு போயின. "மூக்கு மட்டும் வேற" என்று சொல்லித் திருப்தியாகத் தன் சோற்றில் கைவைத்தார்.

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் கறாராகப் பேசும் குரல் கேட்டு விழித்தேன்.

வேலாயுதம் சரிவில் நின்றிருந்தார், கையில் பாதிக்கு மேல் நிரம்பிய கேரிபேக். அவருக்கு எதிரே நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, சட்டையில் அடையாள வில்லை, கையில் ஊன்றுகோல். மலையைச் சுற்றி வந்து காவல் பார்க்கிற தன்னார்வலர்களில் ஒருவர். சுமதி முகம் வெளுத்துப் போய் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நீலப் பூவ ஒண்ணுகூடப் பறிக்கக் கூடாதாம்பா. சட்டம் போட்டுக் காப்பாத்தற பூவாம்."

"நான் மதிலுக்கு உள்ள கைய உடலியே. கேளு. இங்க மதிலே இல்லியே!" வேலாயுதத்தின் குரலில் திருடன் என்று நினைத்துவிட்டார்களோ என்ற பதற்றம் இருந்தது.

சுமதி அதையும் சொன்னாள். மதிலையும் தெருவையும் சிதம்பரத்தையும் எப்படி விளக்கினாளோ தெரியவில்லை, கொஞ்ச நேரம் ஆனது. அந்தம்மா கேட்டுக்கொண்டே கேரிபேக்கையும் வேலாயுதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே வரியில் பதில் சொன்னார்.

"மதில் இல்லாததாலதான் நான் நடந்துக்கினு இருக்கேன்னு சொல்றாங்க."

வேலாயுதம் அதை யோசித்தார். ஞாயம்தான் என்பதுபோல் தலையசைத்தார். யாருக்கு இவ்வளவு பூ என்று அந்தம்மா கேட்க, சுமதி பதில் சொல்லத் தடுமாறினாள். வேலாயுதம் தன் சட்டைப் பையிலிருந்து தனத்தின் படத்தை எடுத்துக் காட்டினார். "அவளும் மலை பாக்கட்டுமேன்னு எடுத்தாந்தேன்" என்றார் என்னிடம், ஏதோ கையும் களவுமாகப் பிடிபட்டது போல.

பறித்ததை ஒட்டவைக்க முடியாது, மலையை விட்டு எடுத்துப் போகவும் கூடாது, இங்கேயே போட்டுவிடுங்கள் என்று தீர்ப்பானது. வேலாயுதம் குனிந்து கேரிபேக்கைக் கவிழ்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் கழித்து அவருக்குக் கிடைத்த பூ.

அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே முட்டி போட்டு இரண்டடி நகர்ந்து, பறிக்காத நீலப் பூக்கள் அடர்ந்திருந்த இடத்தில், அவற்றுக்கு நடுவே ஒரு கல்லில் சாய்த்து தனத்தின் படத்தை நிறுத்தினார். அவள் தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் பூ, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அந்தம்மா சுமதியிடம் ஏதோ சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு நகர்ந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "கடைசி கேபிள் கார் அஞ்சு மணிக்காம். அதுக்குள்ள வந்துடச் சொன்னாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி முன்னால் போய்விட்டாள். பேசு என்று அர்த்தம்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மர்மோட்டுகள் திரும்ப வெளியே வந்திருந்தன. கீழே எங்கேயோ மாடுகளின் கழுத்துமணிச் சத்தம்.

"சுமதி ஒன்ன இங்கயே இருக்கச் சொல்றா, மாப்ள."

"தெரியும். நீ எப்ப வாயத் தொறப்பன்னுதான் பாத்துக்கினே வரேன்." படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்னா சொல்ற?"

இரண்டே வார்த்தை போதும். 'வா, போலாம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுவார். நாக்கு நுனியில் அது நின்றது. கீழ வீதி டீக்கடையும் எங்கள் சண்டைகளும் கண்முன் வந்தன. பாத்ரூம் தரையில் அவர் கிடந்ததும் வந்தது. நாற்காலி பஸ்ஸில் அவர் சிரித்த சிரிப்பும் வந்தது.

"இருந்துடு மாப்ள" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

படத்தின் மேல் விழுந்திருந்த ஒரு புல்லை எடுத்துப் போட்டார். "இருக்கறதுல ஒண்ணும் இல்ல மச்சான். கொழந்த ஆசையா ஒட்டிக்கினு இருக்குது. அங்க வீட்ல பெரிய படம் இருக்குதே. இப்ப மூணு வாரத்துக்கு அதுக்குப் பூ வைக்க பக்கத்து வீட்டு ஆயிஷாம்மா ஒத்துக்கினாங்க. அதுக்கு மேல கேக்கறது ஜாஸ்தி. ஊட்டப் பூட்டிட்டா, அவ பூ இல்லாம நிப்பா."

இவ்வளவுதானா? இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டா மகள் கேட்கும்போதெல்லாம் எழுந்து போனார்?

"நான் வைக்கறேன்" என்றேன்.

"நீயா?" முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "ஒரு மொழம் பூ கட்டத் தெரியுமா ஒனக்கு?"

"கட்டாம உதிரியா வைப்பேன். எந் தங்கச்சிதானே, கோச்சுக்க மாட்டா. வாரத்துல ரெண்டு நாளு. எப்பிடியும் நான் வர நாளுதானே."

"சாவிய நம்பிக் குடுக்கலாமா?"

"குடுக்காட்டி போ."

அவர் சிரித்தார். படத்தை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்தவர், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

கேபிள் காருக்குக் கடைசியில் ஓட வேண்டியதாகிவிட்டது. மூச்சிரைக்கப் போய் நின்றால், அங்கிருந்த ஆள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காகவே காத்திருந்தார். காவல்காரம்மா சொல்லிவைத்திருக்கிறார். வேலாயுதம் அந்த ஆளோடு கைகுலுக்கினார். "நானும் கடசி டிரிப்புல ஒரு ஆள உட்டுட்டு வந்ததில்ல" என்று தமிழிலேயே சொன்னார். இந்த ஆளுக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். இறங்கும்போது வேலாயுதம் கண்ணைத் திறந்துகொண்டு வந்தார்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் நான் மட்டும் ஊர் திரும்பினேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் வருகிறேன். கையில் கேரிபேக். முதல் நாள் அண்ணாமலை நகரில் ஒரு வீட்டு மதில் ஓரம் நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளியே வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிரைவர் வரலையா?"

"பொண்ணு வீட்ல இருக்காரு. நான் அவரு மச்சான்."

"அந்தக் கிளையில ஜாஸ்தி இருக்குது பாருங்க" என்று கைகாட்டிவிட்டு உள்ளே போனார்.

வீட்டைத் திறந்து, தனத்தின் பெரிய படத்துக்கு உதிரிப்பூ வைத்து, அதை போட்டோ எடுத்து அனுப்புகிறேன். "வலது பக்கம் கம்மியா இருக்குது" என்று பதில் வரும். அவர் இல்லாத வீட்டில் வெகுநேரம் உட்கார முடிவதில்லை. பூட்டிவிட்டு, கீழ வீதியில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறேன். சண்டை போட ஆளில்லாத டீ சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

நேற்று கடலூர் பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. கண்ணாடிக்கு மேலே சாமி படத்தில் யாரோ கட்டிக் கொடுத்த மல்லிச்சரம், வாடாமல் இருந்தது. உட்கார்ந்து பையைத் தடவி அவர் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். வண்டி நகர்ந்தபோது என் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது.